டோல்கேட்டில் போன காசு, இறக்கத்தில் போன பிரேக்: தொப்பூர் கணவாயில் ஒரு தக்காளி வண்டி

2025 ஜூன் மாதம், தருமபுரி – சேலம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பிக்கப் வண்டிக்கு நேர்ந்த விபத்தின் பதிவு இது. உயிரிழப்பு இல்லை. ஓட்டுநருக்கு மணிக்கட்டு முறிவு, வண்டியின் இடப்பக்கம் முழுக்கச் சேதம், பாதிச் சரக்கு வீண். பிரேக் பிடிக்காமல் தடுப்புக் கம்பியில் மோதியது என்ற ஒரே வரியில் ஊரில் எல்லாரும் இதை முடித்துவிட்டார்கள்.

வண்டியின் உரிமையாளர் எனக்குத் தெரிந்தவர். இன்சூரன்ஸ் காகிதங்களைச் சரிபார்த்துத் தரச் சொல்லி வந்தார். அப்படித்தான் ஃபாஸ்டேக் (சுங்கக் கட்டணம் தானாகக் கழிவதற்காக வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் டேக்) கணக்கு விவரம், கைப்பேசியில் வந்த குறுஞ்செய்திகள், அழைப்புப் பட்டியல், மெக்கானிக்கின் பில் எல்லாம் ஒன்றாக என் மேசைக்கு வந்தன. அவற்றை நேரவாரியாக அடுக்கினால், வண்டி மோதுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே, சுங்கச்சாவடியில், விஷயம் தொடங்கிவிட்டது தெரிகிறது. உரிமையாளர், ஓட்டுநர், கூட வந்த சுமைக்காரர் ஆகியோரிடம் தனித்தனியே பேசி, அவர்கள் சம்மதித்த பிறகு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன்.

பின்னணி

உரிமையாளர் பாலக்கோடு பக்கம் சிறு விவசாயி. தன் தோட்டத்துத் தக்காளியோடு அக்கம்பக்கத்துச் சரக்கையும் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்புவார். அதற்காகவே 2024 இல் ஒரு பிக்கப்பைப் பழைய வண்டியாக வாங்கினார். ஆர்சி புத்தகம் (வண்டியின் பதிவுச் சான்று) அவர் பெயருக்கு மாறியது. இன்சூரன்சும் மாறியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. அவர் ஓசூர்க்காரர்.

இது அபூர்வமான விஷயம் இல்லை. பழைய வண்டி வாங்குகிற பலர் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். காரணம், ரீசார்ஜ் செய்யத் தடையே இருக்காது. கைப்பேசிச் செயலியில் டேக் கொடுத்த வங்கியைத் தேர்ந்தெடுத்து வண்டி எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பணம் கட்டலாம். பணம் போகிறது, சாவடியில் தடுப்பு திறக்கிறது. அப்புறம் எதற்கு அலைய வேண்டும் என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் பணம் டேக்கில் இல்லை. கண்ணாடியில் ஒட்டிய அந்தத் துண்டுக்குள் பேட்டரிகூடக் கிடையாது. சாவடியின் ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்து சக்தி பெற்று, ஓர் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்வது மட்டுமே அதன் வேலை. பணம் இருப்பது வங்கியில் உள்ள கணக்கில். அந்தக் கணக்கு யாருடைய ஆவணங்களைக் கொடுத்துத் திறக்கப்பட்டதோ அவருடையது. ஓராண்டாக இவர் போட்ட பணம் அத்தனையும் சட்டப்படி ஓசூர்க்காரரின் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. இருப்புக் குறைந்தாலும், கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) கேட்டாலும், டேக் முடக்கப்பட்டாலும் செய்தி போனது ஓசூர்க்காரரின் கைப்பேசிக்கு. வித்துவிட்ட வண்டியைப் பற்றிய செய்தி என்று அவர் கண்டுகொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது.

விபத்துக்குச் சில நாள் முன்பு உரிமையாளரின் அக்கா மகன், கல்லூரியில் படிக்கிற பையன், “மாமா, டேக் உங்க பேர்லயே இருக்கட்டும்” என்று வேறொரு வங்கியின் டேக்கை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தான். நல்ல காரியம்தான். கூரியரில் வந்த டேக்கை உரிமையாளர் பீரோவில் வைத்தார். பழைய டேக்கில் 800 ரூபாய்க்கு மேல் இருந்தது. அது தீரட்டும், அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

அங்கேதான் சிக்கல். ஒரு வண்டிக்கு ஒரே டேக் என்ற விதி 2024 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. அதே வண்டி எண்ணுக்குப் புது டேக் உயிர் பெற்றால் பழையது செயலிழந்து, முடக்கப்பட்ட டேக்குகளின் பட்டியலுக்குப் போய்விடும். அதில் எவ்வளவு இருப்பு இருந்தாலும் பயன் இல்லை. ஆக, கண்ணாடியில் காசுள்ள செத்த டேக். பீரோவில் உயிருள்ள டேக்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் முக்கியமாகப் போகிறது. ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் இடையே இருந்த டிரிப் கணக்கு இப்படி: சம்பளமும் பேட்டாவும் தனி. சேலம் போய்வர டீசலுக்கு ஒரு தொகை கையில் கொடுக்கப்படும். மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு, கூடினாலும் ஓட்டுநர் தலையில். டோல் உரிமையாளர் செலவு, ஆனால் டேக்கில் போனால் மட்டும். டோலையோ அபராதத்தையோ கைக்காசாகக் கட்டினால் ஓட்டுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்பு இருந்த ஒருவர் டோல் ரசீது என்று பொய்க்கணக்கு காட்டினாராம்; அதிலிருந்து இந்த ஏற்பாடு. இந்தப் பக்கத்துச் சிறு வண்டிகளில் இதுபோன்ற ஏற்பாட்டை நிறையப் பார்க்கலாம்.

அன்றிரவு

ஓட்டுநருக்கு 26 வயது. அந்தச் சாலையில் பலமுறை ஓட்டியவர். கூட வந்த சுமைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர், இளவயதில் லாரி கிளீனராக இருந்தவர்.

ஒரு தோட்டத்தில் பறிப்பு தாமதமானதால் வண்டி புறப்படவே இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. ஏற்றியது 75 கிரேட். ஒன்றுக்கு 25 கிலோ என்று வைத்தாலும் 1,875 கிலோ, காலிக் கிரேட்டின் எடை தனி. ஆர்சிப்படி வண்டி தாங்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றரை டன். சேலத்து மண்டி ஏஜென்ட் ஏற்கெனவே போன் செய்து சொல்லிவிட்டார்: “அஞ்சு மணிக்கு மேல வந்தா நேத்து வெலதான் தம்பி.” தக்காளியில் நேற்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள தூரம் இந்த மாவட்டக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாவடியில்

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி வந்து நெடுஞ்சாலையில் ஏறினால், தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சுங்கச்சாவடி வரும். அங்கே வண்டி நின்றபோது அதிகாலை மூன்று மணி தாண்டியிருந்தது. தடுப்பு திறக்கவில்லை. ஊழியர் கையடக்க ரீடரைக் கொண்டுவந்து படித்துப் பார்த்தார். “அண்ணா, பிளாக்லிஸ்ட்னு காட்டுது.”

ஓட்டுநர் கைப்பேசியில் இருப்பைக் காட்டினார். காசு இருக்கிறது, உங்கள் மெஷின் படிக்கவில்லை என்றால் சும்மா விட வேண்டும் என்று வாதாடினார். இந்த வாதம் முழுக்கக் கற்பனை இல்லை. செல்லுபடியாகும் டேக்கும் போதிய இருப்பும் இருந்து, சாவடியின் கருவிப் பழுதால் பணம் எடுக்க முடியாமல் போனால், கட்டணம் இல்லாமல், பூஜ்யத் தொகைக்கு ஒரு ரசீது கொடுத்து வண்டியை அனுப்ப வேண்டும் என்று 2018 மே மாதம் விதியில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அன்று கருவி சரியாகவே படித்தது. படித்ததால்தான் முடக்கம் தெரிந்தது. ஊழியர் சொன்னது சரி. ஓட்டுநருக்கு விதியில் பாதி தெரிந்திருந்தது.

பின்னால் ஹாரன். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். அப்போது நடைமுறை, செல்லுபடியாகும் டேக் இல்லாமல் டேக் பாதையில் வந்தால் இரண்டு மடங்கு கட்டணம். ஓட்டுநரிடம் டீசல் காசு தவிர வேறு இல்லை. உரிமையாளருக்கு அடித்தார், தூக்கத்தில் எடுக்கவில்லை. நான்காவது அழைப்பில் எடுத்தார். அந்தப் பேச்சு எப்படிப் போனது என்பதில் இருவரும் சொல்வது ஒன்றுபோல் இல்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற பகுதி இது:

“அண்ணா, டேக் ஓடலை. ரெண்டு பங்கு கேக்கறாங்க.”

“டேக்ல காசு கிடக்குதுடா. நீ ஒழுங்காக் காட்டலையா? சரி, இப்ப கட்டிட்டுப் போ, வந்து பார்த்துக்கலாம்.”

வந்து பார்த்துக்கலாம் என்பதை ஓட்டுநர் புரிந்துகொண்ட விதம், தன் கணக்கில்தான் போகும் என்பது. டீசல் காசிலிருந்து எடுத்துக் கட்டினார். அப்போதே மனதில் அடுத்த கணக்கு ஓடியது என்று பிறகு என்னிடம் சொன்னார்: முன்னால் ஓமலூர் சாவடி இருக்கிறது, அங்கேயும் இரண்டு பங்கு. திரும்பி வரும்போது இரண்டு இடத்திலும் மறுபடி. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் கிடைக்கும் கழிவும் டேக் வழியாகப் போனால்தான். டீசல் காசில் பெரும்பகுதி டோலுக்கே போய்விடும் போலிருந்தது.

சாவடியில் இழந்தது அரை மணி நேரம்.

இறக்கம்

தொப்பூர் கணவாயைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சில வரி. பழைய என்.எச். 7, இப்போதைய என்.எச். 44, தருமபுரிப் பக்கத்து மேட்டுநிலத்திலிருந்து சேலம் பக்கம் இறங்குகிற இடம் இது. வட இந்தியாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தெற்கே போகிற கனரக வண்டிகளில் பெரும்பகுதி இதில்தான் இறங்கும். நெடிய இறக்கம், வளைவுகள், நடுவில் இரட்டைப் பாலம். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் இங்கே கட்டுப்பாடிழந்த லாரிகள் முன்னால் போன வண்டிகளை நசுக்கிய விபத்துகள் மாநிலம் முழுக்கச் செய்தியாயின. வளைவுகளைத் தவிர்க்க உயர்மட்டச் சாலைத் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. ஓட்டுநருக்கு அவை மனப்பாடம். அவற்றைத் தாண்டியதும் நியூட்ரலில் தள்ளினார். டீசல் மிச்சம், நேரமும் மிச்சம் என்பது எண்ணம். வழக்கமாகச் செய்வீர்களா என்று கேட்டேன். “அப்பப்ப, கொஞ்ச தூரம். அன்னிக்கு முழுசா” என்றார்.

கியர் இல்லாத வண்டியை இறக்கத்தில் பிடித்து நிறுத்த பிரேக் மட்டுமே உண்டு. முதல் வளைவில் பிடித்தது. இரண்டாவதில் பிடித்தது, ஆனால் அழுத்த வேண்டியிருந்தது. முன்னால் டிரெய்லர் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்ததால் தொடர்ந்து மிதித்தபடி வந்தார். கருகிய வாசனை முதலில் வந்தது சுமைக்காரருக்கு. “தம்பி, லைனிங் காயுது, கியர்ல போடு” என்று அவர் சொன்னதாக இருவருமே சொல்கிறார்கள். லைனிங் என்பது பிரேக்கின் உராய்வுப் பட்டை. ஓட்டுநர் அதை முன்னால் போகும் லாரியின் வாசனை என்று நினைத்தார். கணவாயில் அந்த வாசனை எப்போதும் இருக்கும் என்பதால் அப்படி நினைத்தது இயல்புதான்.

டிரெய்லரை வலப்பக்கம் ஒதுங்கித் தாண்டினார். வேகம் 70 ஐத் தொட்டது. அடுத்த மிதியில் பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கியது.

இந்த இடத்தில் ஓட்டுநர் எடுத்த முடிவுகள் சரியானவை. அவற்றையும் பதிவு செய்ய வேண்டும். இன்ஜினை அணைக்கவில்லை, அணைத்திருந்தால் பிரேக்குக்கு உதவும் வேக்யூமும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து போயிருக்கும். பெடலை விட்டுவிட்டு மறுபடி மறுபடி மிதித்து, கொஞ்சம் அழுத்தம் வரவழைத்தார். ஆக்சிலேட்டரை மிதித்து இன்ஜின் வேகத்தை ஏற்றி நான்காவது கியரில் நுழைத்தார், பிறகு மூன்றாவது. இன்ஜின் அலறியது, ஆனால் வேகம் நாற்பதுக்குக் கீழே வந்தது. ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் சிறிது சிறிதாக ஏற்றச் சொன்னது சுமைக்காரர். முன்னால் இடது பாதையில் மெதுவாகப் போன ஒரு லாரி, வலதில் ஒரு பேருந்து. இரண்டுக்கும் நடுவே புக இடமில்லை. லாரியின் பின்னால் போய் இடிப்பதா, இடது ஓரத் தடுப்புக் கம்பியில் உரசி நிறுத்துவதா? கம்பியைத் தேர்ந்தெடுத்தார். இடப்பக்கக் கண்ணாடி, கதவு, பக்கப்பலகை எல்லாம் உரசிக்கொண்டே போய், கம்பியின் ஒரு தூணில் முன்சக்கரம் மாட்டி வண்டி நின்றது. ஸ்டியரிங் சுழன்றதில் மணிக்கட்டு முறிந்தது. மேலடுக்குக் கிரேட்டுகள் சாலையில் கொட்டின.

வண்டி நின்ற பிறகு

என் பார்வையில் அன்றைய மிகப் பெரிய ஆபத்து இதற்கு அடுத்த கால் மணி நேரம்தான். வளைவு முடிகிற இடத்தில், இருட்டில், சாலையில் தக்காளி. மேலேயிருந்து லாரிகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஓட்டுநர் வண்டிக்குள்ளிருந்து இறங்கியதும் செய்யப் போனது கிரேட்டுகளை எடுக்க. சுமைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்.

பிறகு அவர் செய்தது: அபாய விளக்கைப் போட்டுவிட்டு, கம்பிக்கு வெளியே மேல்நோக்கி நடந்து, வளைவுக்கு முன்னாலேயே தெரியும்படி, சிதறாத இரண்டு கிரேட்டுகளை ஓரத்தில் வைத்து, கைப்பேசி டார்ச்சை ஆட்டிக்கொண்டு நின்றார். வண்டியில் முக்கோணப் பலகை இருந்தது, ஆனால் சரக்குக்கு அடியில். நெடுஞ்சாலை உதவி எண் 1033 க்கு ஓட்டுநர் ஒற்றைக் கையால் அழைத்தார். ரோந்து வண்டி கூம்புகளோடு வந்தது, 108 அதற்குப் பின்னால் வந்து அவரைத் தருமபுரிக்குக் கொண்டுபோனது. இதற்குள் கார் ஒன்று நின்று, அதிலிருந்தவர்கள் தக்காளியை ஒதுக்க இறங்கினார்கள். நல்ல மனசு, ஆனால் அந்த இடத்தில் அது உயிரோடு விளையாட்டு. ரோந்துக்காரர்கள் அவர்களைச் சத்தம் போட்டு அனுப்பினார்கள்.

பார்த்ததில் தெரிந்தவை

மெக்கானிக் கழற்றிய பிரேக்கில் லைனிங் கண்ணாடிபோல் மினுமினுத்தது. தொடர்ந்து சூடாகி மேற்பரப்பு இறுகிவிட்டது. ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது. வண்டி கைமாறிய பிறகு பிரேக் ஆயிலை மாற்றியதே இல்லை. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு அதன் தர அளவு 140 மட்டும். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ். ஆயிலை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவி சுருங்கும், அவ்வளவுதான். பெடல் உள்ளே இறங்கியது இதனால். ஆறியபின் அதே பெடல் ஓரளவு சரியாக இருந்தது. “பிரேக் இப்ப நல்லாத்தானே இருக்கு” என்று உரிமையாளர் முதலில் ஓட்டுநரைச் சந்தேகப்பட்டதற்கு இதுதான் காரணம்.

நியூட்ரலால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கையைப் பற்றி. பழைய பம்ப் வைத்த இன்ஜின் காலத்திலிருந்து ஓட்டுநர்கள் கைமாற்றிவரும் பாடம் இது. இந்த வண்டியில் இருப்பது காமன் ரெயில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் இன்ஜின். கியரில் இருந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் ஓட டீசல் தெளித்தே ஆக வேண்டும். இறக்கத்தில் கியரில் போவதுதான் மிச்சம். ஓட்டுநரிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. மெக்கானிக் லேப்டாப்பை இணைத்து, வண்டியை ஒரு மேட்டிலிருந்து கியரில் இறக்கிக் காட்டினார். தெளிப்பு அளவு பூஜ்யத்துக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் நம்பினார். பாதுகாப்பு வகுப்புகளில் ‘நியூட்ரல் ஆபத்து’ என்று பலமுறை கேட்டவர் அவர். ஆபத்து என்றால் கேட்காத காது, காசு மிச்சமில்லை என்றால் கேட்டது.

இனி காசு. காரணங்களை அடுக்கினால் பிரேக் ஆயில், அதிகச் சுமை, நியூட்ரல், தாமதம் என்று நான்கும் உண்மை. ஆனால் ஆயிலும் சுமையும் அதற்கு முந்தைய டிரிப்களிலும் அப்படித்தான் இருந்தன. அன்று புதிதாகச் சேர்ந்தது சாவடியில் ஓட்டுநரின் கையிலிருந்து போன பணமும், போன அரை மணி நேரமும். அதைத் திரும்பப் பிடிக்க அவரிடம் இருந்தவை இரண்டே: டீசலும் வேகமும். இரண்டையும் ஒரே அசைவில் தருவதாகத் தோன்றியது நியூட்ரல். உரிமையாளர் போனில், “ரசீதைப் பத்திரமா வை, என் கணக்குல போடறேன்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த இறக்கம் வேறு மாதிரி இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. உரிமையாளர் இதை ஏற்கவில்லை. தான் எப்படியும் கொடுத்திருப்பேன், அவனுக்கு அது தெரியும் என்கிறார். ஓட்டுநர் தெரியாது என்கிறார்.

எடுத்த முடிவுகள்

டேக் விஷயம் ஒரே நாளில் முடிந்தது. புது டேக் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. கணக்கில் உரிமையாளரின் எண்ணோடு, எச்சரிக்கைச் செய்தி ஓட்டுநருக்கும் தெரியும்படி செயலியை இருவர் கைப்பேசியிலும் போட்டார்கள். ஒவ்வொரு டிரிப்புக்கும் முன் பார்க்க வேண்டியது இருப்பை மட்டும் அல்ல, டேக் செயலில் இருக்கிறதா என்ற நிலையையும்தான் என்று அந்தக் கல்லூரிப் பையன் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தான். வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்தார்கள். சரக்கு வண்டிக்குக் கார் வகையில் டேக் இருந்தால் அதுவும் ஒருநாள் சாவடியில் சண்டையாகும்.

பிரேக் ஆயில் மாற்றி, லைனிங் புதிதாகப் போட்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்று எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காகிதத்தின் பின்னால் எழுதிவைத்தார்கள். முக்கோணப் பலகை இப்போது இருக்கைக்குப் பின்னால்.

சுமையில் பேரம் நடந்தது. நான் ஆர்சியில் உள்ள அளவுதான் என்றேன். அந்த அளவில் ஓட்டினால் கட்டுப்படியாகாது என்று உரிமையாளர் சொன்னார். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, தருமபுரி எடைமேடைச் சீட்டைக் கேட்டு, சுமை அதிகம் என்று குறித்துக்கொண்ட பிறகு 58 கிரேட்டுக்கு இறங்கி வந்தார்.

கடைசியாக டிரிப் கணக்கு. டோல் எந்த வழியில் கட்டினாலும் ரசீதோடு உரிமையாளர் செலவு என்பது உடனே ஒப்புக்கொள்ளப்பட்டது. டீசல் தொகையை முழுக்க ஒழித்துவிடலாம், டேங்க் நிரப்பிக் கொடுங்கள் என்றேன். உரிமையாளருக்கு அதில் நம்பிக்கை இல்லை. நடுவழியாக, டிரிப்புக்கு டிரிப் மிச்சம் பார்ப்பதை விட்டு, மாதக் கடைசியில் ஓடிய கிலோமீட்டரையும் போட்ட டீசலையும் வகுத்துப் பார்ப்பது என்று முடிவானது. எனக்கு இதுவும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் ஓர் இரவின் இழப்பை அதே இரவில் ஈடுகட்ட வேண்டிய அவசரம் இதில் போய்விடுகிறது.

பின்னர் நடந்தவை

இன்சூரன்ஸ் தொகை கிடைத்தது, ஆனால் அதிகச் சுமையைக் காரணம் காட்டிக் குறைத்து. தக்காளிக்கு எதுவும் இல்லை. சரக்குக்கு என்று தனியாகக் காப்பீடு எடுக்கவில்லை. தோட்டக்காரர்களுக்கு உரிமையாளர் பாதி விலை கொடுத்துச் சமாளித்தார்.

சாவடியில் கட்டிய இரட்டைக் கட்டணத்தைத் திரும்பக் கேட்டு, பழைய டேக் கொடுத்த வங்கிக்குப் புகார் அனுப்பினார்கள். டேக் செயலில் இல்லாததால் விதிப்படிதான் வசூலிக்கப்பட்டது என்று பதில் வந்தது. எதிர்பார்த்ததுதான். பழைய கணக்கில் மிச்சமிருந்த தொகையைக் கேட்டபோது, கணக்கு வைத்திருப்பவர் எழுதிக் கொடுத்தால்தான் மூடித் திருப்ப முடியும் என்றார்கள். ஓசூர்க்காரரைத் தேடிப்பிடித்தார்கள். அவர் மறுக்காமல் கணக்கை மூடி, தன் வங்கிக்கு வந்த தொகையை அப்படியே அனுப்பிவைத்தார். வேறு ஆளாக இருந்தால் இது இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. பழைய வண்டி வாங்கும்போது, ஆர்சி மாற்றும் படிவங்களோடு, விற்பவரே டேக் கணக்கை மூடிய செய்தியையும் கேட்டு வாங்குவது நல்லது.

ஓட்டுநர் கட்டுப் பிரித்து, இரண்டு மாதம் கழித்து அதே வண்டிக்குத் திரும்பினார். இப்போது இறக்கத்துக்கு முன் மூன்றாவது கியரில் போட்டுவிட்டு இறங்குகிறார் என்று சுமைக்காரர் சொன்னார். ஓட்டுநர் சொன்னதைவிட இதை நம்புகிறேன்.

2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் ஆண்டுப் பாஸ் வந்ததும் உரிமையாளர் ஆசையோடு கேட்டார். ஓராண்டு அல்லது 200 முறை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும் அந்தப் பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். மஞ்சள் போர்டு பிக்கப்புக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு மாறிய விதி

2025 நவம்பர் 15 முதல், செல்லுபடியாகும் டேக் இல்லாமல் வருபவர் யுபிஐ மூலம் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால்தான் இரண்டு மடங்கு என்று விதி மாறியது. இந்த விதி அன்று இருந்திருந்தால், ஓட்டுநர் கைப்பேசியிலேயே சில நொடிகளில் கட்டிவிட்டு நகர்ந்திருப்பார். இழப்பும் கால் பங்கோடு போயிருக்கும். உரிமையாளர் இப்போது ஓட்டுநரின் யுபிஐ கணக்கில் ஆயிரம் ரூபாயைத் தனியாகப் போட்டுவைத்திருக்கிறார், சாவடிக்கு மட்டும் என்று.

மண்டி ஏஜென்ட் மட்டும் தன் அஞ்சு மணியை விடவில்லை. தாமதத்தால் குறையும் விலையை உரிமையாளரும் சரக்கு கொடுத்த தோட்டக்காரர்களும் பங்கிட்டுக்கொள்வது, ஓட்டுநரிடம் அதைப் பேசவே கூடாது என்று பேசி வைத்தார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்டி ஒருமுறை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு தோட்டக்காரர்கள் தங்கள் பங்கைத் தர மாட்டோம் என்கிறார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.